41-ஆவது இடத்து ஆளைக் கண்டுபிடிப்பது எப்படி? என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) புதுமுகங்களை எடைபோடத் தொடங்குவோருக்கு

2014 டிராஃப்டில் (அணிகள் புதுமுகங்களை வரிசையாகத் தேர்வு செய்யும் நிகழ்வு) 41-ஆவதாக நிக்கோலா யோகிச் தேர்வானபோது தொலைக்காட்சியில் துரித உணவு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பெயர் திரையின் அடியில் எழுத்தாக வந்து போனது, அவ்வளவுதான். 2021, 2022, 2024 என மூன்று முறை எம்விபி (பருவத்தின் மிக மதிப்புமிக்க வீரர்) விருதும், 2023-இல் அவர் அணியான டென்வருக்குக் கோப்பையும் பின்னால் வந்தவை. அப்படி ஒருவர் அடுத்த பட்டியலில் இருந்தால் அவரைத் தவறவிடாமல் இருக்க என்ன செய்யலாம் என்று பார்ப்போம். ஒரு நோட்டு, முழு ஆட்டங்களின் வீடியோ, கால்குலேட்டர் இருந்தால் போதும்.

படி 1: ஏன் கீழே போனார் என்று எழுதுங்கள்

இரண்டு சுற்றுகளில் 60 இடங்கள் (தண்டனையாக ஓர் அணி தன் இடத்தை இழந்த ஆண்டுகளில் கொஞ்சம் குறையும்). முதல் 20 பேரை விட்டுவிடுங்கள். அவர்களை எல்லோரும் பார்க்கிறார்கள். மீதிப் பேரிலும், தேர்வாகாமல் டூ-வே ஒப்பந்தம் (என்பிஏ அணிக்கும் அதன் துணை லீக் அணிக்கும் மாறி மாறி ஆடுவது) பெற்றவர்களிலுமாக எட்டுப் பேரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் யாரையும் ஒழுங்காகப் பார்க்க முடியாது.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரே வரியில் காரணம் எழுதுங்கள்: வயது, உயரம், காயம், ஷூட்டிங் சந்தேகம், ஆடிவந்த லீக்கின் தரம். பெரும்பாலும் இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும். இந்த முறையின் உயிர் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. அந்தக் குறை என்பிஏ களத்தில் உண்மையிலேயே இடிக்குமா, அல்லது வேறொன்று அதை ஈடுகட்டுகிறதா என்பதைத்தான் இனி ஒவ்வொரு படியிலும் சோதிக்கப் போகிறீர்கள்.

டிரேமண்ட் கிரீனை எடுத்துக்கொள்ளுங்கள். 2012-இல் 35-ஆவது இடம். பெரிய ஆட்களைத் தடுக்க உயரம் போதாது என்ற சந்தேகம். ஆனால் அவர் கைவிரிப்பு 7 அடிக்கு மேல். எதிராளி எறியும் பந்தை எட்டித் தடுக்க உதவுவது அந்த நீளம்தான். 2017-இல் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கினார். அதனால் உயரத்தோடு கைவிரிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். மே மாதம் சிகாகோவில் நடக்கும் காம்பைனில் (டிராஃப்டுக்கு முந்தைய சோதனை முகாம்) இரண்டையும் அளந்து வெளியிடுவார்கள். உயரம் மட்டும் போதாது என்பதற்கு நம் நாட்டு உதாரணமே உண்டு. 2015-இல் டாலஸ் 52-ஆவதாக எடுத்த பஞ்சாபின் சத்னாம் சிங் 7 அடி தாண்டியவர், டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர். என்பிஏ ஆட்டம் ஒன்றிலும் அவர் இறங்கவில்லை.

வயதை இரண்டு பக்கமும் எடைபோட வேண்டும். 22 வயதுக்காரர் 18 வயதுப் பையன்களுக்கு எதிராக எடுத்த 18 புள்ளிகளும், 19 வயதுக்காரர் எடுத்த அதே 18 புள்ளிகளும் சமமல்ல. ஆனால் 'வயதாகிவிட்டது' என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் இறங்கியிருந்தால் அங்கே நின்று பாருங்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டுகள் இருந்த மால்கம் பிராக்டன் 2016-இல் 36-ஆவதாகப் போய், அந்தப் பருவத்தின் சிறந்த புதுமுகம் விருதையே வாங்கினார்.

படி 2: நான்கு எண்கள் போதும்

ஒரு ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்பதை ஒதுக்கிவையுங்கள். கல்லூரி அணியில் பந்து முழுக்க அவர் கையிலேயே இருந்தால் அந்த எண் தானாக வீங்கும்.

ஒன்று, ட்ரூ ஷூட்டிங் விழுக்காடு, அதாவது எல்லா வகை வீச்சையும் சேர்த்த திறன். வீச்சு முயற்சிகளோடு, ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் இலவச வீச்சு) முயற்சிகளை 0.44-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வந்ததை இரட்டித்து, அதனால் புள்ளிகளை வகுங்கள். 14 வீச்சு, 4 ஃப்ரீ த்ரோ, 18 புள்ளி என்றால்: 14 + 1.76 = 15.76, இரட்டித்தால் 31.52; 18-ஐ வகுத்தால் 57 விழுக்காடு. பந்து குறைவாகக் கிடைக்கும் ஓரத்து வீரர் கல்லூரியிலேயே 50-ஐத் தொடவில்லை என்றால் எச்சரிக்கையாக இருங்கள்.

இரண்டு, ஃப்ரீ த்ரோ விழுக்காடு. மூன்று புள்ளி விழுக்காட்டைவிட இதையே முதலில் பாருங்கள். மூன்று புள்ளிக் கோடு (அதற்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி) கல்லூரியில் 22 அடிக்குச் சற்று மேல். என்பிஏவில் மேற்பகுதிக் கோடு 23 அடி 9 அங்குலம். பழைய தூரத்து விழுக்காடு அப்படியே வந்து ஒட்டாது. தடுப்பாரின்றி எறியும் ஃப்ரீ த்ரோவோ கை நுட்பத்தை நேராகக் காட்டும். காவை லெனார்ட் கல்லூரியில் மூன்று புள்ளி வீச்சில் எந்தப் பருவத்திலும் 30-ஐ எட்டவில்லை, ஆனால் ஃப்ரீ த்ரோவில் 70-க்கு மேல். 2011-இல் 15-ஆவதாகப் போனார். முதல் என்பிஏ பருவத்தில் மூன்று புள்ளி வீச்சு 37.6. ஃப்ரீ த்ரோ 60-க்குக் கீழே இருந்தால் 'போகப்போகச் சரியாகிவிடும்' என்ற பேச்சை நம்பாதீர்கள்.

மூன்று, ஸ்டீலும் (பந்தைப் பறிப்பது) பிளாக்கும் (எறிந்த பந்தைத் தடுப்பது) சேர்த்து 36 நிமிடங்களுக்கு எத்தனை. நான்கு, அசிஸ்டுக்கு (புள்ளியாக மாறிய பாஸ்) எத்தனை டர்ன்ஓவர் (பந்தை எதிரணிக்கு இழப்பது). மொத்தம் 300 நிமிடங்கூட ஆடாதவருக்கு 36 நிமிடக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள்.

படி 3: பந்தை மறந்து ஆளைப் பாருங்கள்

ஹைலைட் வீடியோவில் தவறுகள் இருக்காது. அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். மூன்று முழு ஆட்டங்கள் எடுங்கள்: நன்றாக ஆடியது ஒன்று, சொதப்பியது ஒன்று, பலமான அணிக்கு எதிரானது ஒன்று. கடைசியாகச் சொன்னதுதான் மிக முக்கியம்.

கண் இயல்பாகவே பந்தின் பின்னால் ஓடும். முதல் சில நிமிடங்கள் கஷ்டமாக இருக்கும். பிடிவாதமாக அவர் ஒருவரையே பாருங்கள். நோட்டில் ஒவ்வொன்றுக்கும் சரி, தவறு என்று கோடு போட்டு எண்ணுங்கள்:

- பந்து கைக்கு வந்ததும் எறிவதா, கொடுப்பதா, உள்ளே போவதா என உடனே முடிவெடுக்கிறாரா? பந்தைப் பிடித்தபடி யோசித்து முடிப்பதற்குள் என்பிஏ தடுப்பு வழியை மூடிவிடும்.
- பாஸ் கொடுத்தபின் நகர்கிறாரா, நின்று வேடிக்கை பார்க்கிறாரா?
- சக வீரர் தாண்டப்பட்டால் உதவிக்கு எப்போது கிளம்புகிறார்? பாஸ் போனபின் ஓடுபவர் வேகமானவர். போகுமுன்பே அங்கே நிற்பவர் ஆட்டத்தைப் படிப்பவர்.
- எறியப்போகும் ஆளை நோக்கி ஓடும்போது சிறிய அடிகள் வைத்து நிதானிக்கிறாரா, பறந்து தாண்டிப் போய்விடுகிறாரா?
- ஸ்கிரீனில் (எதிரணி வீரர் வழிமறித்து நிற்பது) சிக்கினால் தோளை நுழைத்து வெளிவருகிறாரா, அங்கேயே ஒட்டிக்கொள்கிறாரா?

மூன்று ஆட்டம் முடிந்ததும் எழுதிவைத்த காரணத்துக்குத் திரும்புங்கள். 2018-இல் 33-ஆவதாகப் போன ஜேலன் பிரன்சன் ஆறடிக்குச் சற்று மேல்தான், குதிப்பும் பெரிதில்லை. அப்படிப்பட்டவரிடம் தேட வேண்டியது, வளையத்தருகே உயரமானவர் முன்னால் நின்றும் எறிய இடம் உண்டாக்குகிறாரா என்பதை. அவர் கால் சுழற்சியாலும் தோளாலும் அந்த இடத்தை உண்டாக்கினார். வில்லனோவா கல்லூரி அணியில் இரண்டு சாம்பியன் பட்டங்கள் வாங்கிய ஆட்டமும் அதுதான்.

படி 4: சம்மர் லீக்கில் எதை நம்பலாம்

ஜூலையில் லாஸ் வேகஸில் நடக்கும் இந்தப் புதுமுகங்கள் தொடரில்தான் எடைபோடத் தொடங்குவோர் அதிகம் வழுக்குகிறார்கள். ஐந்து ஆட்டத்தில் 30 மூன்று புள்ளி வீச்சு என்று வையுங்கள். உண்மையில் 35 விழுக்காடு திறன் உள்ளவருக்கும் தற்செயலால் 26 வரலாம், 44-உம் வரலாம். ஆகவே அந்த விழுக்காட்டைக் குறிக்கவே வேண்டாம். எறியும் வடிவம், எறியத் தயங்காமை ஆகியவற்றை மட்டும் குறியுங்கள்.

ஃபவுல் எண்ணிக்கையைக் கட்டாயம் குறியுங்கள். இங்கே 10 ஃபவுல் வரை விடுவார்கள்; பருவத்தில் 6-உடன் வெளியே. 25 நிமிடத்தில் 6 ஃபவுல் செய்யும் உயரமான வீரருக்குப் பயிற்சியாளர் நிமிடம் தரமாட்டார். பாஸ் பார்வையும் தடுப்பில் நிற்கும் இடமும் குறைந்த ஆட்டங்களிலேயே தெரிந்துவிடும்; அவற்றை நம்பலாம்.

படி 5: அணியில் இடம் இருக்கிறதா?

திறமை இருந்தும் நிமிடம் கிடைக்காமல் போனவர்கள் உண்டு. முதல் சுற்றுக்காரருக்கு இரண்டாண்டுச் சம்பளம் உறுதி, அதனால் அணி பொறுமை காட்டும். டூ-வே வீரர் 50 ஆட்டங்களுக்கு மேல் களமிறங்க முடியாது, பிளேஆஃபிலும் (பருவத்துக்குப் பின் கோப்பைக்கான சுற்றுகள்) ஆட முடியாது. அவர் இடத்தில் முன்னால் எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்கு ஒப்பந்தம் முடிகிறது என்று எண்ணுங்கள். 2021-இல் ஆஸ்டின் ரீவ்ஸ் தேர்வாகாமலே லேக்கர்ஸுடன் டூ-வே ஒப்பந்தம் செய்து, பருவம் தொடங்குமுன் முழு ஒப்பந்தம் பெற்றார். லுகென்ட்ஸ் டோர்ட்டும் 2019-இல் அதே வாசல் வழியாகத்தான் ஓக்லஹோமா சிட்டிக்குள் வந்தார்.

அக்டோபரில் பருவம் தொடங்குமுன் எட்டுப் பேரையும் வரிசைப்படுத்தி, தேதி போட்டு எழுதிவையுங்கள். ஒவ்வொருவரும் 500 நிமிடம் ஆடியபின் நோட்டைத் திறந்து, நீங்கள் தவறிய பெயர்களில் எந்தப் படி உங்களை ஏமாற்றியது என்று சிவப்பு மையில் குறியுங்கள்.