பனை விதையில் தொடங்கிக் கிணற்றில் முடியும் ஒரு ஞாயிறு: குடும்பத்தோடு செய்து பார்க்க

புரட்டாசி பிறந்தால் எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தனியாக எடுத்து வைத்துவிடுவோம். காலையில் ஊர்க் கண்மாய்க்கரையில் பனை விதை நடுவோம். அடுத்து சமணர் மலை, ஆலமரத்தடியில் கட்டுச்சோறு, மத்தியானம் ஓலை வேலை, சாயங்காலம் கிணற்றுக் குளியல். மூன்று வருடமாகச் செய்கிறோம். "எப்படி ஒரே நாள்ல இவ்வளவும் முடியுது?" என்று தோழிகள் கேட்கிறார்கள். அவர்களுக்காகவும், முதல் முறை செய்யப் போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதல் வருடம் வரிசையில் கோட்டை விட்டோம். பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று காலையிலேயே கிணற்றில் இறக்கிவிட்டோம். இரண்டு மணி நேரம் ஆடிக் களைத்து, தின்றுவிட்டுத் தூங்கிப்போனார்கள். உச்சி வெயிலில் நானும் வீட்டுக்காரரும் மட்டும் கடப்பாரையோடு நின்றோம். ஆகவே வெயில் ஏறுவதற்குள் மண் வேலை, நிழலில் கை வேலை, கடைசியாகத் தண்ணீர். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

ஒரு வாரம் முன்பே: விதையும் அனுமதியும்

ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் தானாக விழும். காலையில் பனங்காட்டுப் பக்கம் போனால் மரத்தடியில் கிடக்கும். யாருடைய மரமோ அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பொறுக்குங்கள். பெரும்பாலும் "அள்ளிட்டுப் போங்க" என்றுதான் சொல்வார்கள். ஒரு பழத்துக்குள் பொதுவாக 2 அல்லது 3 கொட்டை இருக்கும். நாரும் சதையும் பிய்த்தெடுத்துவிட்டு நிழலில் போட்டு வையுங்கள். பழத்தில் ஒன்றிரண்டைச் சுட்டுத் தின்னக் கொடுங்கள். கையெல்லாம் மஞ்சளாக, பல்லிடுக்கில் நார் மாட்டிக்கொண்டு ஒருமுறை தின்ற பிள்ளைக்கு அது எந்த மரம் என்று பிறகு சொல்லித்தர வேண்டியிருக்காது.

கொட்டையைக் கையில் தூக்கிப் பாருங்கள். கனமாக இருக்க வேண்டும். லேசாக இருப்பதையும், ஓட்டை விழுந்ததையும் ஒதுக்கிவிடுங்கள். போன வருடத்துக் கொட்டை வேண்டாம். 4 பேர் உள்ள குடும்பத்துக்கு, அதில் இருவர் சிறுவர்கள் என்றால், 60 விதை போதும். நாங்கள் முதல் முறை ஒரு மூட்டை கட்டிக்கொண்டு போய்ப் பாதியைத் திரும்பத் தூக்கி வந்தோம்.

அனுமதி முக்கியம். கண்மாய்க்கரை பொது இடம்தான் என்று நேராகப் போய்க் குழி தோண்டக் கூடாது. ஊராட்சித் தலைவரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ சொல்லி, எந்தப் பக்கம் நடலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மடைக்கும், மிகுதித் தண்ணீர் வழியும் கலுங்குக்கும் பக்கத்தில் நடக் கூடாது. கரை உயர்த்த மண் அடிக்கப் போகிறார்கள் என்றால் அந்த வருடம் வேறு இடம் பாருங்கள். பனை நம் மாநில மரம். 2021-இல் வேளாண்மைக்கென்று முதல்முறையாகத் தனி நிதிநிலை அறிக்கை வந்தபோது 76 லட்சம் பனை விதைகள் கொடுக்கப்படும் என்றும், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும் அறிவித்தார்கள். அதனால் பனை நடுகிறோம் என்று போய் நின்றால் இப்போதெல்லாம் பெரும்பாலும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

காலை 6 மணி: கரையில்

தேவையானவை: கடப்பாரை 1, மண்வெட்டி 1, விதைக்கு ஒரு வாளி, குடிதண்ணீர், எல்லோர் காலிலும் செருப்பு. சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும். கெட்டி அடி உள்ளதாகப் போடுங்கள்.

ஒரு குழிக்கும் அடுத்ததற்கும் 10 அடி இடைவெளி. இதைப் பிள்ளைகளே அளக்கட்டும். என் மகளுக்கு 10 வயது. அவள் காலடியில் எத்தனை எட்டு வைத்தால் 10 அடி என்று வீட்டிலேயே அளந்து வைத்துக்கொண்டோம். குழி 1 அடி ஆழம். கடப்பாரையைப் பெரியவர்கள்தான் தொட வேண்டும். விதையைப் போடுவது, மண்ணைத் தள்ளுவது, காலால் மிதித்து அமுக்குவது எல்லாம் சிறுவர்கள் வேலை. விதை எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தாலும் கவலை வேண்டாம், முளை பூமிக்குள்தான் இறங்கும். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும்.

இதை ஏன் கரையில் நடுகிறோம் என்று பிள்ளைகளிடம் அங்கேயே காட்டிவிடுங்கள். பழைய பனை ஒன்றின் அடியில் கரை சரிந்திருந்தால் வேர் தெரியும். ஆலமரத்தைப் போலத் தடித்த வேர் இல்லை. கயிறு கயிறாக, நூற்றுக்கணக்கில், மண்ணைக் கவ்விக்கொண்டு நிற்கும். கரையை அதுதான் பிடித்து வைத்திருக்கிறது.

"எப்பம்மா நுங்கு வரும்?" என்றான் 6 வயதுக்காரன். பனை பாளை விடப் பத்துப் பதினைந்து வருடம் ஆகும், ஆண் மரமா பெண் மரமா என்பது அன்றைக்குத்தான் தெரியும். அவனிடம் அப்படியே சொன்னேன். "அப்ப அக்கா காலேஜ் முடிச்சிருப்பா" என்று கணக்குப் போட்டுவிட்டு அடுத்த குழிக்கு ஓடினான். பிள்ளைகளிடம் "நாளைக்கே முளைக்கும்" என்று பொய் சொல்லாதீர்கள். காத்திருக்க அவர்களுக்குத் தெரியும்.

8:30-க்கு எல்லாவற்றையும் கட்டிவிடுங்கள். மிச்ச விதை இருந்தால் இருக்கட்டும். கரையில் கிடக்கும் பிளாஸ்டிக் பையை ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு வந்தால் போதும்.

9 மணி: சமணர் மலை

மதுரைக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடி. மலையடியில் தாமரைக்குளம், அய்யனார் கோயில், பெரிய ஆலமரங்கள். கோயிலுக்குப் பின்னாலிருந்து பாறையில் வெட்டிய படிகள் ஏறும். சிறுவர்கள் தாராளமாக ஏறலாம். கைப்பிடி இல்லாத இடத்தில் மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மழை பெய்து பாறை ஈரமாக இருந்தால் ஏற வேண்டாம்.

ஏறினால் பேச்சிப்பள்ளம். சுனைக்கு மேலே பாறையில் வரிசையாகச் சமணச் சிற்பங்கள்: பார்சுவநாதர் போன்ற தீர்த்தங்கரர்கள் (சமண சமயத்தின் குருமார்), துறவி பாகுபலி. அவற்றுக்குக் கீழே வட்டெழுத்து, அதாவது தமிழை எழுதிய பழைய எழுத்து முறை. 9, 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. யார் இந்தத் திருமேனியைச் செய்வித்தார் என்று பெயர் சொல்லும் கல்வெட்டுகள். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். எழுத்தைத் தொடாமல், விரலைக் காற்றில் வைத்தே வடிவத்தைப் பின்தொடரச் சொல்லுங்கள். இன்றைய எழுத்தோடு ஒத்துப்போகும் ஒன்றிரண்டு கண்ணில் படும். பக்கத்துப் பாறையில் சாக்பீஸாலும் பெயிண்டாலும் யாரோ பெயர் எழுதி வைத்திருப்பதையும் பார்ப்பார்கள். என் மகள் அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இறங்கினாள். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. குகை வாசலில் பெரிய தீர்த்தங்கரர் உட்கார்ந்திருப்பார். நீண்ட காதைப் பார்த்து ஊர்க்காரர்கள் செட்டியார் என்று நினைத்துக்கொண்டதால் வந்த பெயர் என்பார்கள். வெயில் ஏறிவிட்டால் அதை அடுத்த முறைக்கு வையுங்கள்.

சாப்பாடு ஆலமரத்தடியில். மாமியார் முந்தின இரவே புளிக்காய்ச்சலைக் கிண்டி வைத்துவிடுவார். விடிகாலையில் சோற்றை ஆறவிட்டு, நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்து, வாட்டிய வாழையிலையில் கட்டினால் மத்தியானம் வரை கெடாது. தயிர்ச்சோறு இந்த வெயிலுக்குப் புளித்துவிடும், வேண்டாம்.

மத்தியானம்: ஓலை வேலை

என் அண்ணன் தோட்டம் பக்கத்து ஊரில். வேப்ப மரத்தடியில் பாயை விரித்து உட்கார்ந்துவிடுவோம். ஓலைக்கு முந்தின நாளே ஒரு பனையேறியிடம் சொல்லி வைத்தோம். ஓலையை மட்டையோடு கொடுத்தால் பிள்ளைகள் கையில் தராதீர்கள். மட்டையின் இருபுறமும் உள்ள கருக்கு ரம்பம் மாதிரி அறுத்துவிடும். மட்டையை வெட்டிப் போட்டுவிட்டு, ஓலையை மட்டும் ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். காய்ந்த ஓலை மடித்தால் ஒடியும்.

*காற்றாடி.* ஈர்க்கை உரித்தெடுத்துவிட்டு, 2 விரல் அகலம், 2 சாண் நீளத்தில் 4 ஓலை நறுக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் நடுவில் மடியுங்கள். முதல் ஓலையை இடது கையில் பிடியுங்கள். இரண்டாவதன் மடிப்பு முதலாவதைக் கவ்வட்டும். மூன்றாவது இரண்டாவதைக் கவ்வட்டும். நான்காவது மூன்றாவதைக் கவ்விக்கொண்டு, அதன் இரண்டு வாலும் முதலாவதன் மடிப்புக்குள் நுழைந்து வெளியே வரட்டும். இப்போது நான்கு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஒரேயடியாக ஒரு பக்கம் இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். நடுவில் ஒரு சதுரம் இறுகி நிற்கும், நான்கு பக்கமும் இறக்கை. இறக்கைகளை ஒரே திசையில் லேசாகத் திருகி, சதுரத்தின் நடுவே ஒரு நீளமான கருவேல முள்ளைக் குத்தி, முள்ளின் முனையைச் சோளத்தட்டையில் செருகுங்கள். முள் போகும் ஓட்டை கொஞ்சம் தாராளமாக இருந்தால்தான் சுற்றும். முள் குத்துவது பெரியவர் வேலை.

*ஓலையில் பெயர்.* எனக்குப் பிடித்தது இதுதான். முற்றிய ஓலையில் ஒரு சாண் நறுக்கை எடுத்து, பலகையில் வைத்து, முனை மழுங்கிய ஆணியால் பெயரை எழுத வேண்டும். அழுத்தாமல், கீறினால் போதும். எழுதியது முதலில் கண்ணுக்கே தெரியாது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து மேலே தேய்த்து, துணியால் துடைத்தால், கீறலுக்குள் மட்டும் கரி தங்கி எழுத்து கறுப்பாக எழும்பும். அந்த நொடியில் பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள்.

மகள் தன் பெயரில் புள்ளி வைத்தாள். ஆணி ஓலையைப் பொத்துக்கொண்டு மறுபக்கம் வந்துவிட்டது. இன்னொரு நறுக்கு எடுத்தாள். மறுபடியும் ஓட்டை. பழைய சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, ஓலை கிழியும் என்று அதை விட்டுவிடுவார்கள் என்றேன். மூன்றாவது நறுக்கில் புள்ளி இல்லாமல் எழுதிவிட்டு, "இப்பப் படிக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். "நீ எப்படிப் படிச்ச?" என்றார் அப்பத்தா. காலையில் மலையில் பார்த்த எழுத்து, மத்தியானம் அவள் கைக்கு வந்திருந்தது.

4 மணி: கிணறு

இங்கே நான் சொல்வதை ஒன்றுவிடாமல் செய்யுங்கள். கண்மாயில், குளத்தில், ஆற்றில் பிள்ளைகளை இறக்காதீர்கள். மண் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது. இடுப்பளவு தண்ணீரில் நடக்கும் பிள்ளை அடுத்த எட்டில் மூழ்கிவிடும். படிக்கட்டு உள்ள, ஆழம் தெரிந்த, நமக்குத் தெரிந்தவர்களின் கிணறு மட்டும்தான். அதுவும் கிடைக்காவிட்டால் மதுரையில் ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்தில் நீச்சல் குளம் இருக்கிறது, நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். பம்புசெட் தொட்டியும் முதல் நாளுக்குப் போதும்.

இறங்கும் முன்: மோட்டாரை நிறுத்துவது மட்டும் போதாது, பியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவர் முதலில் இறங்கி ஒரு சுற்று நீந்திப் பார்க்கட்டும். கல் இடுக்கில் பாம்பு இருந்தால் அந்தச் சலசலப்பில் தெரிந்துவிடும். மேலே கனமான ஒன்றில் வடக்கயிறு கட்டித் தண்ணீர் வரை விடுங்கள். டிராக்டர் டியூப் ஒன்று தண்ணீரில் மிதக்கட்டும். ஒரு பிள்ளைக்கு நீச்சல் தெரிந்த ஒரு பெரியவர், இன்னொருவர் போனைப் பையில் போட்டுவிட்டு மேலே நின்று தலைகளை எண்ண வேண்டும். சாப்பிட்டு 2 மணி நேரம் ஆகியிருக்கட்டும்.

அந்தக் காலத்தில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டினார்கள். இப்போது மூடி இறுகிய 5 லிட்டர் காலிக் கேன் இரண்டை வேட்டித் துணியால் முதுகில் கட்டுகிறோம். முடிச்சு மார்புக்குக் கீழே இருக்கட்டும், கழுத்துப் பக்கம் ஏறக் கூடாது. கேன் மிதக்க உதவும், காவல் காக்காது. கை எட்டும் தூரத்தை விட்டு நகராதீர்கள்.

முதல் பாடம் படியில். படியைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தண்ணீரில் வைத்து வாயால் ஊதிக் குமிழி விடுவது. பயம் போக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பிறகு படியைப் பிடித்தபடியே உடம்பை நீட்டிக் காலை அடிப்பது. முழங்காலை மடக்காமல், தொடையிலிருந்து அடிக்க வேண்டும். மூன்றாவதாக மல்லாக்க மிதப்பது. பெரியவர் கை பிள்ளையின் முதுகுக்குக் கீழே இருக்க, காது தண்ணீருக்குள் போகும்படி வானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தலையைத் தூக்கினால் கால் இறங்கிவிடும்.

"மாமா, விட்றாதீங்க."

"விடலடா மாப்ள, நீ மேல பாரு."

அண்ணன் உண்மையிலேயே கையை எடுக்கவில்லை. ஏமாற்றிக் கையை எடுப்பதும், படியிலிருந்து தள்ளிவிடுவதும் எங்கள் ஊரில் பழைய முறை. என்னை அப்படித்தான் தள்ளிவிட்டார்கள். 12 வயதுவரை கிணற்றுப் பக்கமே போகவில்லை. பிள்ளை தானாக "விடுங்க" என்று சொல்லும்வரை காத்திருங்கள். மூன்றாவது வருடம் என் மகன் சொன்னான்.

யாராவது தத்தளித்தால் முதலில் கயிறு, அடுத்து டியூப். பழகாதவர் குதித்துப் பிடிக்கப் போகக் கூடாது, இரண்டு பேரும் மூழ்குவார்கள். உதடு வெளுத்தாலோ உடம்பு நடுங்கினாலோ அன்றைக்குப் போதும். 5:30-க்கு மேல் கிணற்றுக்குள் வெளிச்சம் இருக்காது.

பிறகு

வீட்டுக்கு வந்ததும் பாதத்தில் முள் இருக்கிறதா என்று பாருங்கள். ஓலைக் காற்றாடியை வெயிலில் போடாதீர்கள், சுருண்டுவிடும்.

நட்ட இடத்துக்கு மாசி, பங்குனியில் ஒருமுறை போய்ப் பாருங்கள். பனை முதலில் கீழேதான் வளரும், பொங்கலுக்குள் மண்ணுக்கடியில் கிழங்கு பிடித்திருக்கும். அதைத் தோண்டித் தின்ன ஆசை வரும். தோண்டினால் மரம் போச்சு. கிழங்கு வேண்டுமென்றால் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம். மேலே வருவது விசிறி மாதிரி இருக்காது. ஒற்றையாக, மடித்த ஈட்டி மாதிரி ஓர் இலை, கோரைப்புல் என்று பிடுங்கிப் போடத் தோன்றும். சில விதை அடுத்த மழை வரைக்கும் காக்க வைக்கும். சுற்றிலும் காய்ந்த புல் இருந்தால் அறுத்துவிட்டு வாருங்கள், கோடையில் கரைப் புல்லுக்கு யாராவது தீ வைத்தால் முதலில் கருகுவது இந்தக் கன்றுதான். நாங்கள் முதல் வருடம் நட்டதில் 11 தலைகாட்டியிருக்கின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பிள்ளைகள் ஒரு வெள்ளைக் கல் வைத்திருக்கிறார்கள்.