டாட்டூ: குத்தும்போது ஒரு அவசரம், அழிக்கும்போது இன்னொரு அவசரம்

என் நண்பர் ஒருவர் இருபத்து மூன்று வயதில் முன்கையில் 'நம்பிக்கை' என்று குத்திக்கொள்ளப் போனார். 'நம்பிகை' என்று குத்திக்கொண்டு வந்தார். ஒரு 'க்' விடுபட்டதைக் குத்தியவரும் கவனிக்கவில்லை, கையை நீட்டியவரும் கவனிக்கவில்லை. படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிய பிறகு அவருடைய அக்காதான் கேட்டார்: "நடுவுல ஒரு க் எங்கடா?" காயம் ஆறும்வரைகூடப் பொறுக்காமல், அடுத்த வாரமே அந்த இடுக்கில் 'க்'கைத் திணிக்கச் சொன்னார். இடம் போதவில்லை. அங்கே ஒரு கறுப்புத் திட்டுதான் மிஞ்சியது.

டாட்டூ பற்றிய எச்சரிக்கைகள் பெரும்பாலும் முதல் அவசரத்தோடு நின்றுவிடுகின்றன. யோசித்துக் குத்துங்கள், அவ்வளவுதான். ஆனால் வருந்துகிற நாளில் நாம் செய்யும் அவசரம் பல நேரம் முதலாவதைவிட மோசமான தழும்பை விட்டுச் செல்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

உலகம் மாறிவிட்டது என்று நம்புவது

"இப்பல்லாம் யார் கண்டுக்கிறா?" என்பது பாதி உண்மை. ஜப்பானில் 1872 முதல் 1948 வரை பச்சை குத்துவதே சட்டவிரோதம். நியூயார்க் நகரம் மஞ்சள் காமாலைத் தொற்றைக் காரணம் காட்டி 1961-இல் தடை விதித்தது; அதை நீக்க 1997 ஆயிற்று. அங்கிருந்து பார்த்தால் தூரம் அதிகம்தான். 2022-இல் அமெரிக்கத் தரைப்படையே மணிக்கட்டுக்குக் கீழுள்ள கைப்பகுதியிலும் பின்கழுத்திலும் சிறிய டாட்டூக்களை அனுமதித்தது. பியூ ஆய்வு மையம் 2023-இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, அமெரிக்காவில் வயது வந்தோரில் 32 சதவீதம் பேருக்கு ஒரு டாட்டூவாவது இருக்கிறது.

மீதிப் பாதிதான் சிக்கல். இந்த மாற்றம் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் நடக்கவில்லை. சீருடைப் பணிகளிலும் விமானப் பணியிலும் எங்கே இருக்கலாம், எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று இன்னும் அளந்துதான் பார்க்கிறார்கள்; அந்த அளவு நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. ஜப்பானின் வெந்நீர் ஊற்றுக் குளியல் விடுதிகள் பலவற்றில் டாட்டூ உள்ளவர்களை இன்றும் அனுமதிப்பதில்லை. எந்த வேலைக்குப் போகப் போகிறோம் என்று இன்னும் முடிவாகாத வயதில் கழுத்தையும் விரல்களையும் தேர்ந்தெடுப்பதை, நான் கேட்டால், தவிர்க்கவே சொல்வேன்.

அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண்ணும் உண்டு. டாட்டூ உள்ளவர்களில் 24 சதவீதம் பேர் ஒன்றையாவது குத்திக்கொண்டதற்காக வருந்தியிருக்கிறார்கள். இதைப் படித்ததும் "பார்த்தீர்களா, சொன்னோமே!" என்று துள்ளுகிறவர்கள், நான்கில் மூன்று பேர் வருந்தவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வருந்துகிறவர்களும் ஊருக்குப் பயந்துதான் வருந்துகிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. கோடு கோணியது, பெயருக்கு உரியவர் பிரிந்துபோனார், எல்லோரும் குத்திக்கொண்ட வடிவத்தையே நாமும் குத்திக்கொண்டோம் என்பதெல்லாம்கூடக் காரணங்கள்தான். 1990-களின் கைப்பட்டை வடிவங்களைப் பார்த்தே அவற்றைக் குத்திக்கொண்ட காலத்தைச் சொல்லிவிடலாம். மரத்தை வெட்டி வளையம் எண்ணுவது போல.

'நான் இனி மாறமாட்டேன்'

ஜோர்டி குவாட்பாக், டேனியல் கில்பர்ட், திமோத்தி வில்சன் ஆகிய உளவியலாளர்கள் மூவர் 2013-இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 18 முதல் 68 வயதுவரை 19,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கடந்த பத்தாண்டில் எவ்வளவு மாறினீர்கள், அடுத்த பத்தாண்டில் எவ்வளவு மாறுவீர்கள் என்பதையொட்டிக் கேட்டிருந்தார்கள். எல்லா வயதினரும் ஒரே மாதிரி பதில் சொன்னார்கள்: இதுவரை நிறைய மாறிவிட்டேன், இனி பெரிதாக மாற ஒன்றுமில்லை. முப்பது வயதுக்காரருக்கும் அதே நம்பிக்கை, ஐம்பது வயதுக்காரருக்கும் அதே நம்பிக்கை.

ஆகவே "நல்லா யோசிச்சுட்டேன்" என்பது பெரிய உத்தரவாதம் இல்லை. யோசிப்பதும் இன்றைய மனதுதானே. எனக்குத் தெரிந்த ஒரே சோதனை, காலத்தைக் கொஞ்சம் கடத்துவது. வடிவத்தை அச்செடுத்து, தினமும் கண்ணில் படும் இடத்தில் ஓராண்டு ஒட்டி வையுங்கள். மூன்றாம் மாதமே சலித்தால் ஒரு தாளோடு போயிற்று. தற்காலிக டாட்டூ போட்டுப் பார்ப்பதும் நல்லதே. ஆனால் 'கறுப்பு மருதாணி' என்று விற்பதைத் தொடாதீர்கள். அதில் பெரும்பாலும் தலைச்சாயத்தில் சேர்க்கும் பிபிடி என்ற வேதிப்பொருள் கலந்திருக்கும். தோல் கொப்பளிக்கலாம், அந்த ஒவ்வாமை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து, பின்னாளில் தலைக்குச் சாயம் பூச முடியாத நிலை வரலாம்.

காதலர் பெயரைக் குத்துவது பற்றிப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. காதலி வினோனா ரைடருக்காக 'வினோனா ஃபாரெவர்' என்று குத்திக்கொண்ட ஹாலிவுட் நடிகர் ஜானி டெப், பிரிந்த பிறகு இரண்டு ஆங்கில எழுத்தை நீக்கி அதை 'வைனோ ஃபாரெவர்' ஆக்கினார். என்றென்றும் குடிகாரன்! எல்லாப் பெயரும் அப்படித் தோதாக அமையாது.

எழுத்து, அளவு, தோல்

தமிழில் குத்துகிறவர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. வடிவமைப்பு மென்பொருள்கள் சில, தமிழ் எழுத்தை உடைத்துப்போடும். 'கொ' என்பதில் கொம்பு ஓரிடத்தில் நிற்கும், கால் வேறிடத்தில் நிற்கும்; மெய்யெழுத்தில் புள்ளி பறந்துவிடும். தமிழ் தெரியாத கலைஞருக்கு அது தவறு என்றே தெரியாது. அச்சுத்தாளைத் தோலில் ஒட்டிய பிறகு, ஊசி தொடுவதற்கு முன், தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்த வேறொருவரை எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் படித்தால் போதாது. மனம் விடுபட்ட எழுத்தைத் தானே நிரப்பிப் படித்துவிடும்.

அளவு அடுத்த பிரச்சினை. மை மேல்தோலில் நிற்பதில்லை. அதற்கு அடியிலுள்ள உட்தோலில் நிற்கிறது. அங்கேயும் அது கல்லில் வெட்டியது போல அசையாமல் இருப்பதில்லை. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் விழுங்கு அணுக்கள் மைத்துகளை விழுங்கி வைத்திருக்கின்றன. அந்த அணு சாகும்போது மை வெளியே வரும், புதிய அணு அதை மறுபடி விழுங்கும். பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் 2018-இல் எலிகளில் இதைக் காட்டினார்கள். ஆண்டுகள் போகப் போக மெல்லிய கோடு தடிக்கும், ஓரம் மங்கும். தமிழ் எழுத்துகளில் சுழிகள் அதிகம். மிகச் சிறிதாகக் குத்திய 'ண'வின் மூன்று சுழிகளும் நாளடைவில் அடைபட்டு, அது 'ன'வா 'ண'வா என்று கேட்க வேண்டியதாகிவிடும். புதிதாகக் குத்திய படத்தைப் பார்த்து மயங்காமல், அதே கலைஞர் ஐந்து, பத்து ஆண்டுகளுக்கு முன் போட்டவை இன்று எப்படி இருக்கின்றன என்று காட்டச் சொல்லுங்கள்.

சுத்தமான ஊசி, பிரிக்காத உறை, கையுறை என்பதெல்லாம் எல்லோரும் அறிந்தவை. பி, சி வகைக் கல்லீரல் அழற்சி இரத்தத்தின் வழியே பரவும் என்பதால் அவற்றில் சலுகை கிடையாது. காயம் ஆறும்போது தழும்பு புடைத்து வளரும் உடல்வாகு உங்களுக்கோ குடும்பத்தில் யாருக்கோ இருந்தால், தோல் மருத்துவரைக் கேட்காமல் ஊசி பக்கமே போகக் கூடாது.

அழிக்கப் போகும்போது

வருத்தம் வந்த வாரத்திலேயே இணையத்தில் களிம்பு தேடுவதுதான் முதல் தவறு. மேலே பூசும் களிம்பு உட்தோலிலுள்ள மையைக் கரைக்காது. கரைக்கும் அளவுக்கு வீரியமான அமிலம் என்றால் தோலையும் சேர்த்துத்தான் எரிக்கும். உப்பு வைத்துத் தேய்ப்பதும் அப்படியே: மை கொஞ்சம் போகும், தழும்பு முழுதாக வரும்.

லேசர் வேலை செய்கிறது, ஆனால் அது ரப்பர் அல்ல. நொடியின் மிகச் சிறு பங்கில் பாயும் ஒளி மைத்துகளை உடைக்கிறது. உடைந்ததை உடல்தான் மெல்ல மெல்ல அப்புறப்படுத்த வேண்டும். அதனால்தான் இரண்டு அமர்வுகளுக்கு இடையே வழக்கமாக ஆறு முதல் எட்டு வாரம் விடுகிறார்கள். பல அமர்வுகள் ஆகும், சில நேரம் பத்தையும் தாண்டும். சீக்கிரம் முடிய வேண்டும் என்று இடைவெளியைக் குறைக்கச் சொல்லி வற்புறுத்துவது உங்கள் தோலுக்கு நீங்களே செய்யும் தீங்கு. புகைப்பவர்களுக்கு மை போவது தாமதமாகும். கணுக்கால், விரல் போல உடலின் நடுப்பகுதியிலிருந்து தள்ளியுள்ள இடங்களிலும் தாமதமாகும்.

கறுப்பு மை எல்லா அலைநீள ஒளியையும் உறிஞ்சுவதால் எளிதில் உடைகிறது. பச்சைக்கும் நீலத்துக்கும் தனி அலைநீளம் வேண்டும், மஞ்சள் பிடிவாதக்காரன். மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் மெலனின் ஒளியை இடைமறித்து வாங்கிக்கொள்ளும். தவறான அலைநீளம் பட்டால் மை போவதற்கு முன் தோலின் நிறம் போய்விடும். இத்தகைய தோலுக்கு 1064 நானோமீட்டர் லேசர் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. "எந்த அலைநீளம்?" என்ற கேள்விக்கு எரிச்சல்படுகிற இடத்தில் சிகிச்சை எடுக்காதீர்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது அழகுக்காகக் குத்தும் புருவமும் உதட்டுக்கோடும். அவற்றை டாட்டூ என்றே பலர் கணக்கில் எடுப்பதில்லை. புருவத்தின் பாணி டாட்டூவைவிட வேகமாக மாறுகிறது: ஒரு காலத்தில் நூல்போல, இன்னொரு காலத்தில் அடர்த்தியாக. பிடிக்காதபோது சிலர் அதன்மேல் தோல்நிற மை குத்தி மறைக்கிறார்கள். அந்த மையில் டைட்டானியம் டை ஆக்சைடோ இரும்பு ஆக்சைடோ இருக்கும். பின்னாளில் லேசர் பட்டதும் அது மறைவதற்குப் பதில் கறுத்துப்போகலாம், அதுவும் முகத்தில். ஆகவே முதலில் கண்ணில் படாத ஒரு சிறு புள்ளியில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். என்னென்ன மை, எத்தனை அடுக்கு என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பழையதை மறைக்க அதன்மேல் புதியதைக் குத்துவதும் ஒரு வழிதான். புதியது பழையதைவிடப் பெரிதாகவும் கறுப்பாகவும் இருந்தாக வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டு இறங்க வேண்டும். ஓரிரு முறை லேசர் செய்து பழையதை வெளிறவைத்துவிட்டுக் குத்தினால் கலைஞருக்கும் கை வீசிப் போட இடம் இருக்கும். மறைத்ததும் பிடிக்காமல் போனால் அழிக்க வேண்டியது இரண்டு அடுக்கு மை.

என் நண்பர் கடைசியில் தோல் மருத்துவரிடம்தான் போனார். மூன்று அமர்வு முடிந்திருக்கிறது. ஒற்றை அடுக்கில் குத்திய எழுத்துகள் பென்சில் கோடுபோல வெளிறிவிட்டன. பிற்பாடு அவசரமாகத் திணித்த அந்த 'க்' மட்டும் அப்படியே நிற்கிறது.