இசையை மாத்திரையாக்கும் தவறுகள்

வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு மேற்கத்திய இசையமைப்பாளர் மொசார்ட்டின் இசையைக் கேட்க வைத்தால் அது அறிவாளியாகப் பிறக்கும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இதன் வேர், 1993-இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வந்த ஒரு சிறு கட்டுரை. அந்தச் சோதனையில் குழந்தையே கிடையாது. கல்லூரி மாணவர்கள் 36 பேர் மொசார்ட்டின் பியானோ இசைப்படைப்பு ஒன்றைப் பத்து நிமிடம் கேட்டார்கள். மடித்து வெட்டிய காகிதம் விரிந்தால் எப்படி இருக்கும் என்பது போன்ற புதிர்களைச் சற்று நன்றாகப் போட்டார்கள். கால் மணி நேரத்தில் அந்தப் பலனும் கரைந்துவிட்டது. இதை நம்பி 1998-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு வழங்க அரசுப் பணம் கேட்டார்! பிறகு நடந்த சோதனை ஒன்றில், இசையைவிடக் கதையை விரும்பியவர்கள் கதை கேட்ட பின்பே நன்றாகச் செய்தார்கள். பிடித்ததைக் கேட்டதால் வந்த உற்சாகம்தான் வேலை செய்திருக்கிறது.

ஆகவே எந்த இசை நல்லது என்று தேடுவதற்கு முன், கேட்கப்போகிறவர் யார் என்று பார்க்க வேண்டும். நோயாளியின் அறையில் நாம் தவறுவது இங்கேதான். மன அமைதிக்கு என்று சொல்லி நமக்குப் பிடித்த புல்லாங்குழலை ஓடவிடுகிறோம். படுத்திருப்பவரிடம் யாரும் கேட்பதில்லை. பின்லாந்தில் பக்கவாத நோயாளிகளிடம் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், அவரவர் தேர்ந்தெடுத்த பாடல்களை இரண்டு மாதம் தினமும் கேட்டவர்களுக்குச் சொல் நினைவாற்றல் மற்றவர்களைவிட நன்றாகத் திரும்பியது. பிடித்த பாட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. மறைந்த மனைவியோடு சேர்ந்து கேட்ட பாட்டு ஒருவரைத் தேற்றலாம், இன்னொருவரை உடைத்துவிடலாம். முகத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள், வேண்டாம் என்றால் நிறுத்தும் உரிமை அவரிடமே இருக்கட்டும்.

பாட்டுக் கேட்பதும் இசை சிகிச்சையும் ஒன்று என்று நினைப்பது அடுத்த தவறு. பார்க்கின்சன் நோயால் நடை தளர்ந்தவருக்குப் பயிற்சி தரும் முறையைப் பாருங்கள். அவர் இயல்பாக நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறார் என்று முதலில் எண்ணுவார்கள். 90 என்றால், சீரான வேகத்தில் தட்டொலி எழுப்பும் மெட்ரோனோம் கருவியிலும் அதே 90. தட்டு விழும்போது கால் பதிய வேண்டும். அது கைவந்த பிறகே வேகத்தை ஐந்து, பத்து சதவீதம் கூட்டுவார்கள். வீட்டில் நாமாக ஒரு துள்ளல் பாட்டைப் போட்டால், அந்தத் தாளத்தைத் துரத்தப்போய் அவர் தடுமாறி விழக்கூடும்.

பேச்சிழந்தவர்கள் விஷயமும் அப்படித்தான். மூளையின் இடப்பக்கம் அடிபட்டு ஒரு வார்த்தைகூட வராத சிலர், பழகிய பாட்டைத் தடையின்றிப் பாடுவார்கள். பாடிவிட்டார், இனிப் பேசிவிடுவார் என்று வீட்டார் மகிழ்வார்கள். தானாக அது நடப்பதில்லை. 1970-களில் உருவான ஒரு பயிற்சியில், ‘தண்ணீர் வேண்டும்’ என்பதை இரண்டே சுரங்களில் ஏற்றி இறக்கி, அசைக்கு ஒரு தட்டாக இடது கையால் தட்டியபடி சொல்லச் செய்வார்கள். பிறகு ராகத்தைப் படிப்படியாகக் குறைத்துப் பேச்சுக்குக் கொண்டுவருவார்கள். இதற்குத் தேர்ந்த சிகிச்சையாளரும் நிறையப் பொறுமையும் வேண்டும்.

மருந்தை நிறுத்திவிட்டு இசையை நம்புவது ஆபத்து. அறுவை சிகிச்சைக்குப் பின் இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன, வலி மாத்திரையின் தேவையும் குறைந்தது என்று எழுபதுக்கும் மேற்பட்ட சோதனைகளைத் தொகுத்த ‘லான்செட்’ மருத்துவ இதழின் கட்டுரை 2015-இல் சொன்னது. குறைந்தது என்றுதான் சொன்னது. மனச்சோர்வுக்கும் வழக்கமான சிகிச்சையோடு சேர்த்தே இசை சிகிச்சை பலன் காட்டியிருக்கிறது. இந்த ராகம் சர்க்கரை நோயை விரட்டும், 432 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அமைந்த இசை உடலைச் சீராக்கும் என்ற பட்டியல்களைக் கண்டால் கடந்து போய்விடுங்கள்.

பள்ளி விஷயத்தில் எனக்குக் கோபம் வருவது, கணக்கில் மதிப்பெண் ஏறும் என்பதற்காகப் பிள்ளையைப் பாட்டு வகுப்பில் சேர்ப்பதில். கனடாவில் ஆறு வயதுக் குழந்தைகள் 144 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2004-இல் வந்தது. ஓராண்டு இசை கற்றவர்களின் நுண்ணறிவு எண், மற்றவர்களைவிட மூன்று புள்ளி அளவில் மட்டுமே கூடியிருந்தது. பிறரோடு பழகும் பண்பில் முன்னேறியவர்களோ நாடகம் கற்றவர்கள். மதிப்பெண்ணை எதிர்பார்த்துச் சேர்த்த பெற்றோர், அது ஏறாதபோது வகுப்பை நிறுத்துகிறார்கள். குரல் சேர்ந்து பாடவும், அடுத்தவர் பாடும்போது காத்திருக்கவும் அப்போதுதான் அந்தப் பிள்ளை பழகத் தொடங்கியிருக்கும். படிக்கும் நேரத்தில் வரிகள் உள்ள பாட்டு வேண்டாம். பாடத்தின் சொற்களோடு அது மோதும்.

கடைசியாக, ஒலியின் அளவு. 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபலுக்கு ஏற்றினால் அது வாரத்துக்கு நான்கு மணி நேரமாகச் சுருங்கிவிடும். தூக்கத்துக்காகப் பாட்டுக் கேட்பவர்கள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, பாட்டு தானாக நிற்கும்படி டைமரைப் போட்டுவிட்டுப் படுக்கலாம்.