ரீப்பரில் மிடி கோப்பைத் திறந்து, உரிய கருவிகளோடு இணைப்பது எப்படி?

மிடி கோப்பில் ஒலி கிடையாது. எந்தச் சுரம், எந்த நொடியில், எவ்வளவு அழுத்தத்தோடு, எந்தச் சேனலில் வாசிக்கப்பட வேண்டும் என்ற கட்டளைகள் மட்டுமே அதில் இருக்கின்றன. ஆகவே கோப்பை ரீப்பர் என்னும் ஒலிப்பதிவு மென்பொருளில் இழுத்துப் போட்டு, பிளே பொத்தானை அழுத்தியும் ஒன்றும் கேட்கவில்லை என்றால் மென்பொருளைக் குறை சொல்வதற்கில்லை. அந்தக் கட்டளைகளைப் பெற்று ஒலியாக்கும் கருவி இன்னும் இணைக்கப்படவில்லை என்பதே பொருள்.

முதலில் கோப்பின் வகையைத் தெரிந்துகொள்ள வேண்டும். வகை 0 கோப்பில் எல்லா வாத்தியங்களும் ஒரே டிராக்கில், வெவ்வேறு சேனல்களில் அடைக்கப்பட்டிருக்கும். வகை 1 கோப்பில் டிராக்குகள் தனித்தனியாக இருக்கும். டிராக்கும் சேனலும் ஒன்றல்ல என்பதை மனத்தில் நிறுத்திக்கொண்டால், இணைப்பில் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை எழவே எழா. டிராக் என்பது மென்பொருளில் நாம் காணும் வரிசை. சேனல் என்பது ஒவ்வொரு கட்டளையின் மீதும் எழுதப்பட்டிருக்கும் 1 முதல் 16 வரையிலான முகவரி.

இறக்குமதியைப் புதிய, வெற்றுத் திட்டத்தில் செய்வது நல்லது. பல டிராக்குகள் கொண்ட கோப்பைச் சேர்க்கும்போது, அவற்றைத் தனித்தனி டிராக்குகளாகப் பிரிக்கவா, கோப்பிலுள்ள வேக மாற்றங்களைத் திட்டத்துக்குக் கொண்டுவரவா என்று ரீப்பர் கேட்கும். வெற்றுத் திட்டமானால் இரண்டுக்கும் தயங்காமல் சம்மதிக்கலாம். ஏற்கெனவே குரலோ வேறு ஒலிப்பதிவோ இருக்கும் திட்டத்தில் வேக வரைபடத்தை இறக்கினால், பழைய பதிவுகளுக்கும் தாளக் கட்டங்களுக்கும் இருந்த பொருத்தம் குலைந்துவிடக்கூடும் என்பதால், அங்கே இரண்டாவது கேள்விக்கு மறுப்புச் சொல்வதே பாதுகாப்பு.

அடுத்தது இணைப்பு. எளிய வழி, ஒவ்வொரு டிராக்கிலும் எஃப்எக்ஸ் பொத்தானை அழுத்தி ஒரு கருவி பிளக்இன்னை, அதாவது வாத்திய ஒலியை எழுப்பும் துணை மென்பொருளைச் சேர்ப்பது. ஐந்தாறு வாத்தியங்கள் உள்ள பாடலுக்கு இதுவே போதும். ஒலிக்கலவையின்போதும் இது வசதியானது.

ஒரே பிளக்இன்னில் பல வாத்தியங்களை ஏற்றி வாசிக்க விரும்பினால், காண்டாக்ட் போன்ற, சேனலுக்கு ஒரு வாத்தியம் வைக்கக்கூடிய பிளக்இன்னைத் தனி டிராக்கில் போட்டு, மிடி டிராக்குகள் ஒவ்வொன்றிலிருந்தும் அதற்கு ஒரு சென்ட் (ஒரு டிராக்கிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் இணைப்பு) அமைக்க வேண்டும். அந்தச் சென்டில் ஆடியோவை இல்லை என்று வைத்து, மிடியை மட்டும் அனுப்புங்கள். பலர் இடறுவது இங்கேதான். வகை 1 கோப்புகள் சிலவற்றில் எல்லா டிராக்குகளும் சேனல் 1 என்றே எழுதப்பட்டிருக்கும்; சேனலை மாற்றாமல் அப்படியே அனுப்பினால் புல்லாங்குழலும் பேஸும் வயலினும் ஒரே பியானோவில் ஒலிக்கும். அதனால் சென்டின் மிடிப் பகுதியில், முதல் டிராக் சேனல் 1-க்கும் இரண்டாவது சேனல் 2-க்கும் போகும்படி, சேருமிடத்தை ஒவ்வொன்றாகக் குறிப்பிட வேண்டும்.

ஒலியைத் தனித்தனியாகப் பிரித்தெடுக்க வேண்டுமானால் பிளக்இன் இருக்கும் டிராக்கின் ஆடியோ சேனல் (இது மிடி சேனல் அல்ல, ஒலி செல்லும் பாதை) எண்ணிக்கையைக் கூட்டி, 1/2, 3/4, 5/6 என்று ஜோடி ஜோடியாகப் புதிய டிராக்குகளுக்கு அனுப்பலாம். மிடி அனுப்பும் அதே டிராக்குகளுக்கே ஒலியைத் திருப்பிக் கொண்டுவர முயன்றால் அது முடிவின்றிச் சுழலும் இணைப்பாகிவிடும். ஆகவே ஒலிக்குத் தனி டிராக்குகள் வைப்பதே நேரிய வழி.

1991-இல் வந்த ஜெனரல் மிடி தரத்தைப் பின்பற்றும் கோப்புகளில் சேனல் 10 தாள வாத்தியங்களுக்கு உரியது. அதில் நோட்டு எண் 36 கிக் (பெரிய டிரம்), 38 ஸ்நேர், 42 மூடிய ஹைஹேட், 46 திறந்த ஹைஹேட். உங்கள் டிரம் பிளக்இன் வேறு வரிசையைக் கொண்டிருந்தால் ஸ்நேர் ஒலிக்க வேண்டிய இடத்தில் சிம்பல் ஒலிக்கும். பிளக்இன்னில் ஜெனரல் மிடி வரிசை இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பது ஒவ்வொரு நோட்டாக நகர்த்துவதைவிடச் சுலபம். அந்தத் தரத்தில் வாத்திய எண் வரிசையில் சித்தாருக்கு 105, ஷெனாய்க்கு 112 என்று இடமுண்டு. மிருதங்கத்துக்கும் நாதஸ்வரத்துக்கும் இடமில்லை. அவற்றுக்குத் தனி ஒலித் தொகுப்பைத் தேட வேண்டியதுதான்.

கமகங்கள் நிறைந்த கோப்பானால் பிட்ச் பெண்டை, அதாவது சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் கட்டளையைத் தனியே சோதியுங்கள். வழக்கமான எல்லை மேலும் கீழும் இரண்டு அரைச்சுரங்கள். கோப்பு 12 என்று கருதி எழுதப்பட்டிருக்க, பிளக்இன் 2 என்றே வைத்திருந்தால், அகன்ற அசைவுகள் சுருங்கி அபஸ்வரமாகும். பிட்ச் பெண்ட் ஒரு சேனல் முழுவதையும் வளைப்பது. எனவே இரண்டு வாத்தியங்களை ஒரே சேனலில் வைத்தால் ஒன்றின் கமகம் மற்றொன்றையும் இழுத்துச் செல்லும்.

மிக்சரில் ஒலியளவைச் சரிசெய்த பிறகும் சில இடங்களில் அது தானாக ஏறி இறங்கினால், மிடி எடிட்டரில் கண்ட்ரோலர் 7-ஐப் பாருங்கள். ஒலியளவுக் கட்டளைகள் அங்கே ஒளிந்திருக்கும். வாசிப்பின் உணர்ச்சி வெளிப்பாட்டுக்கு அவை தேவையில்லை என்று தோன்றினால் நீக்கிவிட்டு, மிக்சரையே நம்பலாம். நீங்கள் தேர்ந்த ஒலி, பாடல் தொடங்கியதும் வேறொன்றாக மாறினால் வாத்தியத்தை மாற்றச் சொல்லும் புரோகிராம் சேஞ்ச் கட்டளைதான் காரணம். அதையும் அவ்வாறே அழிக்கலாம். ஆனால் பாடலின் நடுவே வேண்டுமென்றே ஒலியை மாற்றும் கட்டளைகளும் இருக்கக்கூடும் என்பதால், மொத்தமாகத் துடைப்பதற்கு முன் மூலக் கோப்பின் நகலொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.