ஊருக்கு வரும் அந்நிய முதலீட்டை எடைபோடுவது எப்படி?

ஓர் அந்நிய நிறுவனம் ஆலை தொடங்கப்போகிறது என்றதும் எல்லோர் கண்ணும் முதலீட்டுத் தொகையில்தான் நிற்கும். புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் எழுதப்படும் அந்தத் தொகை பல ஆண்டுகளில் சிறுகச் சிறுக வர வேண்டியது. அதிலும் ஒரு பங்கு, இறக்குமதி இயந்திரங்களின் விலையாக வெளிநாட்டுக்கே திரும்பிவிடும். ஆகவே உள்ளூருக்கு என்ன கிடைக்கும் என்று அறிய விரும்புபவர் அந்த எண்ணை ஓரமாக வைத்துவிடலாம்.

முதலில், வருவது புது ஆலையா, இருக்கும் நிறுவனத்தின் பங்குகளை வாங்குவதா என்று பாருங்கள். இரண்டும் அந்நிய நேரடி முதலீடாகவே கணக்கில் ஏறும். பின்னதில் ஒரு வேலைகூடப் புதிதாக உருவாகாமல் போகலாம்.

உதிரிபாகங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தியைத் தொடங்கிய ஹூண்டாய், தனக்கு உதிரிபாகம் செய்து தரும் கொரிய நிறுவனங்களையும் உடன் அழைத்து வந்தது. பாகங்கள் இங்கேயே தயாரானதால் வேலையும் வீட்டு வாடகையும் லாரி ஓட்டமும் பெருகின. அந்தப் பாகங்களில் கிடைக்கும் லாபமோ பெரும்பாலும் கொரிய உரிமையாளர்களுடையது. எனவே ‘உள்ளூர்க் கொள்முதல்’ என்ற சொல்லை அப்படியே ஏற்காமல், விற்பவர் யார், அவர் சென்னை அம்பத்தூரில் உள்ளதுபோன்ற உள்ளூர்ச் சிறு பட்டறைகளுக்குத் தரும் ஆர்டர் எவ்வளவு என்று இன்னொரு படி இறங்கிக் கேளுங்கள்.

கூலியைப் பற்றி அறிய அறிக்கை எதுவும் வேண்டாம். ஷிப்ட் முடியும் நேரத்தில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்குப் போய், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் இருப்பது ஆலையின் பெயரா, ஆள் அனுப்பும் ஒப்பந்ததாரரின் பெயரா என்று கவனித்தாலே பாதி விளங்கிவிடும்.

கடைசியாக, நிறுவனம் வெளியேறினால் என்ன மிஞ்சும் என்பதை வரும்போதே கேட்க வேண்டும். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, வருமான வரித் தகராறில் சொத்து முடக்கப்பட்டதால், 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் வாங்கிய கைபேசிப் பிரிவோடு சேர முடியாமல் தனித்து நின்று, அவ்வாண்டு நவம்பர் 1-இல் உற்பத்தியை நிறுத்தியது. கைபேசி பொருத்தக் கற்றிருந்தவர்கள் அடுத்த வாசலாக நம்பியிருக்கக்கூடிய, அதே வளாகத்து ஃபாக்ஸ்கான் ஆலையும் டிசம்பரில் நின்றுபோனது. பூட்டிக் கிடந்த நோக்கியா கட்டடத்தை சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனம் எடுத்துக்கொள்ளும் என்ற அறிவிப்பு 2019-இல்தான் வந்தது.