பளபளப்புக்கு முன்னால் உப்புத்தாள்

குன்னூரில் மாமா வீட்டுக் கூடத்தில் இன்னும் பழைய தேக்குப் பலகைத் தரைதான். போன வருஷம் நானே வார்னிஷ் அடித்தேன். மேலாகத் துடைத்துவிட்டு நேரே பிரஷ்ஷை எடுத்ததுதான் தப்பு. மூன்றே மாதத்தில், நாற்காலி இழுபடும் இடமெல்லாம் வெயிலில் காய்ந்த தோல்போல உரிந்து வந்தது. அடியில் பழைய மெழுகு இருந்தால் வார்னிஷ் எதைப் பிடித்துக்கொள்ளும்?

இந்த முறை முழுவதையும் தேய்த்தேன். பழைய பூச்சு போகும்வரை 60 நம்பர் உப்புத்தாள், பிறகு 80, அப்புறம் 120. நம்பர் கூடக் கூடத் தாள் நைசாகும். 60 போட்ட கீறலை 80 அழிக்கும், 80 போட்டதை 120. நடுவில் ஒன்றைத் தாண்டினால் அந்தக் கீறல் அப்போது கண்ணில் படாது. வார்னிஷ் ஏறியதும் பளிச்சென்று தெரியும். தேய்ப்பதும் மர ரேகை ஓடும் திசையில்தான். ஜன்னலோரம் அவசரத்தில் குறுக்கே இழுத்துவிட்டேன். வெயில் விழும்போது அந்தக் கோடுகள் இன்றைக்கும் தெரிகின்றன. அத்தை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்.

120-லேயே நிறுத்திக்கொண்டேன். கண்ணாடிபோல வழவழப்பாக்கினால் பூச்சுக்குப் பிடிப்பு குறையும். தூசியை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சிவிட்டு மூன்று பூச்சு வார்னிஷ். ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு, அடுத்ததற்கு முன் 220-ஆல் லேசாக ஒரு தடவல். மூக்குக்கு மாஸ்க் போடாமல் மட்டும் தேய்க்க உட்காராதீர்கள். இரண்டு நாள் தும்மினேன்.