புழுவெட்டுக்கு ஹோமியோபதி: எங்கே தவறு நடக்கிறது?

பெரும்பாலும் முடி வெட்டுகிற இடத்தில்தான் இது தெரியவரும். "பின்னந்தலையில ஒரு ரூபா அளவுக்குச் சொட்டையா இருக்கே, பாக்கலையா?" என்பார் கடைக்காரர். என் அக்கா மகனுக்கும் அப்படித்தான். அவன் வீடு வந்து சேர்ந்ததும் அம்மா சின்ன வெங்காயம் உரிக்க ஆரம்பித்துவிட்டார். ஒரே வாரத்தில் ஹோமியோபதி சீனி உருண்டையும் வந்துவிட்டது.

பெயர்தான் புழுவெட்டு. இதில் புழுவும் இல்லை, ராத்திரி வந்து கடிக்கிற பூச்சியும் இல்லை. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு அணுக்களே மயிர்க்காலைச் சூழ்ந்து தாக்குகின்றன. ஆனால் மயிர்க்கால் செத்துப்போவதில்லை, முடங்கிக் கிடக்கிறது. அதனால்தான் ஒன்றிரண்டு வட்டத்தோடு நின்றவர்களில் நிறையப் பேருக்கு எந்த மருந்தும் இல்லாமலே ஒரு வருடத்துக்குள் முடி வளர்ந்துவிடுகிறது.

மற்ற எல்லாத் தவறுகளும் இதை மறப்பதில்தான் தொடங்குகின்றன. "எட்டு மாசம் உருண்டை சாப்பிட்டேன், முடி வந்துச்சு" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. வெங்காயம் தேய்த்தவருக்கும் வந்தது, ஒன்றுமே செய்யாதவருக்கும் வந்தது. ஹோமியோபதி மருத்துவர்கள் பாஸ்பரஸ் 30, வின்கா மைனர் 200 என்று எழுதித் தருவார்கள். அந்த 30 என்பது நூறில் ஒரு பங்காக முப்பது முறை கரைத்தது என்று பொருள். பன்னிரண்டு முறை தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு மிஞ்சுவதுகூட அரிது. ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆய்வுக் குழு 2015இல் ஆய்வுகளை அலசிவிட்டு, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருவதாக நம்பகமான சான்று இல்லை என்று சொல்லிவிட்டது.

சரி, உருண்டையால் கெடுதல் என்ன என்று கேட்கலாம். கெடுதல் காலம் கடத்துவதில் இருக்கிறது. வட்டமாக முடி கொட்டினாலே புழுவெட்டு என்று வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள். புழுவெட்டில் தோல் வழவழவென்று இருக்கும், ஓரத்தில் அடிப்பக்கம் மெலிந்த குட்டை முடிகள் நிற்கும். செதில் உதிர்ந்து, முடி பாதியில் ஒடிந்திருந்தால், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு உள்ளுக்கு மாத்திரை வேண்டும், இல்லையென்றால் ஒரே சீப்பில் தம்பி தங்கைக்கும் பரவும். முடி கொட்டிய இடம் தழும்பாகிற இன்னொரு வகை முடி உதிர்வு இன்னும் மோசம். அதில் மயிர்க்கால் அழிந்தே போகும். உருண்டையோடு போன ஆறு மாதத்தில் இழந்த முடி திரும்பாது. தோல் மருத்துவர் ஒருமுறை பார்த்தால் போதும், பெரும்பாலும் பிரித்துச் சொல்லிவிடுவார்.

அப்புறம் அந்தப் பழைய சமாதானம்: "முடி கொட்டுறது அதிகமானா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்." இதை நம்பாதீர்கள். புது வட்டங்கள், புருவம் கொட்டுவது, நகத்தில் ஊசி குத்தியது போன்ற குழிகள் எல்லாம் நோய் முற்றுவதன் அறிகுறியாக இருக்கலாம். சின்ன வட்டங்களுக்கு 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை அந்த இடத்திலேயே ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். புழுவெட்டு தீவிரமாகிவிட்ட பெரியவர்களுக்கு பாரிசிட்டினிப் மாத்திரையை அமெரிக்கா 2022இல் அனுமதித்தது. இவையும் நோயை வேரோடு எடுப்பதில்லை, நிறுத்தினால் திரும்பலாம். ஆனால் ஒப்பிட்டுச் சோதித்துப் பலன் பார்த்த மருந்துகள்.

வாயால் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள், "ஆங்கில மருந்தை விட்டுட்டு வாங்க" என்று யாராவது சொன்னதும் சட்டென்று நிறுத்தவே கூடாது. உயிருக்கே ஆபத்தாகும். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதையும் அப்படியே தொடரட்டும். பெயர் எழுதாத வெள்ளைப் பொட்டலம் கொடுத்தால் உள்ளே இருப்பது என்னவென்று எழுதி வாங்குங்கள்.

அக்கா மகனைத் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். களிம்பு தந்தார். மாதாமாதம் வட்டத்தின் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுத்து வைக்கச் சொன்னார். மூன்றாம் மாதம் அக்கா பதறிப்போய் போன் செய்தாள்: "ஒன்பது வயசுப் பையனுக்கு நரைச்ச முடி வருதுடா." முதலில் வெள்ளையாகத்தான் வரும், பிறகு கறுக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்ததை நினைவுபடுத்தினேன்.